ஸ்பீடு பிரேக்கரும் ஒரு அடியும்

வாங்க தம்பி, உள்ளயே வாங்க. வண்டி பாக்கக் கரூர்ல இருந்து வர்றேன்னு போன் பண்ணுனது நீங்கதானுங்களே? எங்கூட்டுக்காரரு இப்பத்தான் கெளம்பிப் போறாரு. தெருமுக்குல பாத்திருப்பீங்க, சைக்கிள்ல, வெள்ளைச் சட்டை, பெடலை மிதிக்கறப்பவெல்லாம் தலைய ஆட்டுவாரு, அவருதான். காலையில இருந்து வண்டிச் சாவியக் காணம்னு வீட்டையே பொரட்டிப் போட்டாரு. கட்டிலுக்கு அடியில பாத்தாச்சு, பீரோ மேல பாத்தாச்சு, கெடைக்கல. இன்னொரு சாவி கடையில மாட்டியிருக்குது, அதை எடுத்துக்கிட்டு அப்படியே ஆர்.சி.யையும் ஒரு ஜெராக்ஸ் போட்டுட்டு வந்துடறேன், அந்தத் தம்பி வந்தா உக்கார வைன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அரை மணி நேரம் ஆகும். கடை பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப்பக்கம்.

உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா, காப்பி வெக்கட்டுங்களா? மோரே போதுமா. சரி, இந்தாங்க. மூடாக்குப் போட்டிருக்குது பாருங்க, மத்தியானத்துக்குள்ள மழை வந்துரும்.

வண்டி அதானுங்க, தகரத்துக்கு அடியில நிக்கறது. இங்கிருந்தே நல்லாத் தெரியும். நேத்து ரெண்டு பேருமாக் கழுவுனோம். ஓட்டிப் பாக்கோணும்னா அவரு வரட்டும், சாவியில்லாம எப்படிங்க.

முன்னாடியே ஒண்ணு சொல்லிப்போடறேன் தம்பி. இந்த வண்டி இந்த வீட்ட விட்டுப் போறதுல எனக்கு எத்தனை சந்தோசம்னு உங்களுக்குத் தெரியாது. பன்னண்டு வருசம். கல்யாணமாகி வந்தப்ப என்னையக்கூட இப்படிப் பாத்துக்கல, அதைப் பாத்துக்கிட்டாரு. அதுக்கு வெயிலுக்கு ஒரு துணி, மழைக்கு ஒரு துணி. எனக்குத் தீவாளிக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.

என்ற பேரு துளசிமணி. அவரு பேரு போன்லயே சொல்லியிருப்பாரு, சென்னியப்பன். தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்காரு. கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, எது எரிஞ்சு போனாலும் இந்தக் கோபியில இவருகிட்டத்தான் தூக்கிக்கிட்டு வருவாங்க. எங்களுக்கு ஒரே பொண்ணு, மேகலான்னு, கட்டிக்குடுத்து கோயமுத்தூர்ல இருக்கறா.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்களா? எனக்கென்னங்க தெரியும் வண்டியப் பத்தி. நான் சோறாக்கறவ. தொண்ணூத்தோராயிரத்தி நானூத்திப் பன்னண்டு. அதுல கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டுனது போக, ஒரு அறுபதாயிரம் நானும் பின்னாடி உக்காந்து போனது. கிளட்ச் பிளேட்டு ஒரே ஒருக்கா மாத்தியிருக்குது. செயின் செட்டு இப்ப மூணாவது ஓடுது. பின் டயருக்குக் காத்து முப்பத்திரெண்டு வெய்ங்க, பின்னாடி ஆளு இருந்தா. பங்க்ல முப்பது போதும்பாங்க, கேக்காதீங்க, வளைவுல வால ஆட்டும். காலையில எடுத்த ஒடனே கெளப்பீராதீங்க. ரெண்டு நிமிசம் நிக்க வெச்சே ஓட உடோணும். மொதல்ல கரகரன்னு இருக்கும், அப்பறம் எறங்கி ஒரே சீரா வரும், அதுக்கப்பறம் கியரைப் போடுங்க. கிளட்ச் கேபிளு அறுந்துச்சுன்னா பயப்பட வேண்டாம், பக்கத்துலயே இன்னொரு கேபிளு ஓட்டிக் கட்டி வெச்சிருக்குது, எடுத்து மாட்ட வேண்டியதுதான். பத்து நிமிச வேலை. வால்பாறையில இவருக்குக் கூதல்ல கை வெறச்சுப் போயி நின்னப்ப நான்தான் மாட்டுனேன். ஆனா எனக்கு அதுல எல்லாம் இஷ்டமில்லீங்க. கேட்டீங்கன்னு சொல்றேன்.

கொறையவும் சொல்லிப்போடறேன், நாளைக்கு அக்கா சொல்லலையேன்னு நீங்க கேக்கக்கூடாது. எம்பதுக்கு மேல போனா கண்ணாடி நடுங்கும், பின்னாடி வர்றது லாரியா பஸ்ஸான்னு தெரியாது. நல்ல மழையில ஹாரனுக்குத் தொண்டை கட்டிக்கும். கனம் நூத்தித் தொண்ணூறு கிலோவுக்கு மேல. நீங்க ஒல்லியா இருக்கறீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, மணல்ல சாஞ்சுதுன்னா உங்களால தனியாத் தூக்க முடியாது. உங்களுக்கு இந்த வண்டிதான் வேணுமுங்களா? இப்ப எத்தனையோ புதுசு வருதுங்களே, பட்டனைத் தொட்டாக் கெளம்பறது. நான் வேண்டாம்னு சொல்லல. தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. போனா நிம்மதி.

எதுக்குங்க உங்களுக்கு இந்த வண்டி? டூர் போறதுக்கா. தை மாசம் கல்யாணமா, அப்படிச் சொல்லுங்க. கட்டிக்கிட்டு ரெண்டு பேருமா மலை மலையாப் போகோணும்னு ஆசையாக்கும். அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டீங்களா? சர்ப்ரைஸா? சரிதான்.

எங்களை மாதிரி ஊர் சுத்துனவங்க இந்தக் கோபியில யாருமில்லீங்க. ஆனா ஒரு ஊரையும் நாங்க வெயில்ல பாத்ததில்ல. ஏன்னு கேளுங்க. மோட்டாரு எரியறது வெயில் காலத்துல. கெணத்துல தண்ணி கீழ போயிரும், கரண்டு கொறைவா வரும், மோட்டாரு திணறித் திணறி எரிஞ்சு போகும். மாசியில இருந்து இவருக்குச் சோறு திங்க நேரமிருக்காது. ஐப்பசியில மழை புடிச்சுதுன்னா தோட்டத்துக்காரங்க மோட்டாரே போட மாட்டாங்க, கடையில உக்காந்து ஈ ஓட்டோணும். அப்பத்தான் எங்களுக்கு லீவு. ஊரு ஒலகமெல்லாம் மழை நின்னா டூர் போகும், நாங்க மழை புடிச்சாத்தான் பையக் கட்டுவோம்.

மூணாறு, குடகு, சிக்மகளூரு, அகும்பே, கோகர்ணம், எல்லாம் போயாச்சு. எல்லா ஊரும் ஒரே மாதிரித்தான் இருந்துச்சு, வெள்ளையா. எதுத்த வீட்டு ரேவதி ஒரு மே மாசம் குடும்பத்தோட போயிட்டு வந்து போட்டோ காட்டுனா. பச்சைப் பசேல்னு மலை, மேல நீல வானம். இது எந்த ஊருன்னு கேட்டேன். மூணாறுக்கான்னா. நான் மூணு வாட்டி போயிருக்கறேன் தம்பி, அங்க அத்தனை பெரிய மலை இருக்குதுன்னே எனக்குத் தெரியாது.

மொதல் வாட்டி போனது தாளவாடிக்கு. நான் சேலையில ஒருபக்கமாக் காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கறேன். திம்பம் மலையில இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் என்ற காலுக்குக் கீழ நேராப் பள்ளம். வீட்டுக்கு வந்து எறங்குன ஒடனே கும்புட்டுச் சொல்லிட்டேன், இந்தச் சனியன்ல இனி நான் ஏற மாட்டேன்னு. அடுத்த வாரம் கட்டிலு மேல ரெண்டு சுடிதாரு இருந்துச்சு. எடுத்தாந்து வெச்சுட்டுக் கடைக்குப் போயிட்டாரு. முப்பத்தேழு வயசு எனக்கு அப்ப, கல்யாண வயசுல பொண்ணு இல்லாட்டியும் ஒம்பதாவது படிக்கற பொண்ணு இருக்கறா, நான் மொதமொதல்ல சுடிதாரு போட்டு, ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்து போறேன். தெருவே பாத்துச்சு. எனக்கு உசுரே போற மாதிரி வெக்கம். சத்தியமங்கலம் தாண்டற வரைக்குந்தான். அப்பறம் பாத்தா முன்னாடி ரோடு நேராத் தெரியுது. அதுக்கு முந்தி வண்டியில போறப்ப எல்லாத்தையும் நான் பக்கவாட்டுலதான் பாத்திருக்கறேன்.

ஆமாங்க, பின் சீட்டு முன் சீட்ட விட அகலந்தான். நல்லாக் கவனிக்கறீங்க. அது மூணு வாட்டி பிரிச்சுக் கட்டுனது. நான் இடுப்பு போச்சு, இடுப்பு போச்சுன்னு சொல்லிக்கிட்டே வருவனா, இவரு சீட்டக் கழட்டிக்கிட்டு ஈரோட்டுக்குப் போயி, குஷன் கடையில பக்கத்துலயே உக்காந்து, இங்க எச்சா வெய்யி, அங்க கொறச்சு வெய்யின்னு சொல்லிக் கட்டிக்கிட்டு வருவாரு. நான் உக்காந்து பாத்துட்டு இன்னும் சரியில்லம்பேன். மறுக்காப் போவாரு. முன் சீட்டு கம்பெனி சீட்டேதான், மரக்கட்டை மாதிரி இருக்கும், அதைப் பத்தி அவரு வாயத் தொறந்ததில்ல. பின்னால சாஞ்சுக்கற கம்பியும் அவரே வெல்டிங் வெச்சது. வண்டி மேல அத்தனை ஆசை. எனக்குன்னு ஒண்ணு செஞ்சாருங்கறீங்க? ஒண்ணுமில்ல.

பேச்சும் கெடையாது. மோட்டாருகிட்டப் பேசுவாரு, கடையில பாத்திருக்கறேன், என்னடா உனக்கு, எங்கடா வலிக்குதும்பாரு. வீட்டுக்கு வந்தா ம், சரி, பாக்கலாம், இந்த மூணு வார்த்தைதான். வண்டியில கேக்கவே வேண்டாம், காத்துல ஒண்ணும் கேக்காது, ஹெல்மெட்டு வேற. அதனால நாங்க ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். நான் பின்னாடி ஏறி உக்காந்து அவரு வலது தோள்ல ஒரு தட்டுத் தட்டுனா, உக்காந்துட்டேன், போலாம்னு அர்த்தம். தட்டுனாத்தான் எடுப்பாரு. ஓடறப்ப ரெண்டு தட்டுனா நிறுத்தோணும், டீக்கோ பாத்ரூமுக்கோ. அப்பறம் இன்னொண்ணு இருக்குது. முதுகுக்கு நடுவுல உள்ளங்கைய விரிச்சு அழுத்தி வெச்சுட்டன்னா, நிறுத்தாதீங்க, போயிக்கிட்டே இருங்கன்னு அர்த்தம். அது ஆசனூர்ல ஒருக்கா ரோட்டோரமா ஆனை நின்னப்பக் கண்டுபுடிச்சது. இவரு நிறுத்திப் பாக்கலாங்கற மாதிரி வேகத்தைக் கொறைக்கறாரு, நான் பயந்து போயி ரெண்டு கையாலயும் முதுகப் புடிச்சுத் தள்ளுனேன். அதுல இருந்து அதுக்கு அந்த அர்த்தம் ஆயிப்போச்சு.

ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டாருன்னா முதுகுல ஓங்கி ஒண்ணு வெப்பேன். அதுக்கு அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்ல. கோவம், அவ்வளவுதான். பன்னண்டு வருசத்துல ஒரு ஸ்பீடு பிரேக்கரையும் அவரு பாத்து ஏறுனதில்ல, நானும் ஒரு அடியும் பாக்கி வெச்சதில்ல.

இந்த மனுசன் என்னைய நடு ரோட்டுல உட்டுட்டுப் போன கதைய மேகலா உங்களுக்குச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா. ஹுன்சூரு தாண்டிக் குடகு போற வழியில ஒரு பங்க். நல்ல மழை. மொத நாளு சாயந்தரம் எங்களுக்குள்ள சண்டை. மேகலா கல்யாணத்துக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மண்டபத்தைப் புக் பண்ணிட்டாரு. ஒரு வார்த்தை கேட்டா என்னங்க? நான் அன்னிக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே வந்தேன். பங்க்ல எறங்கிப் பாத்ரூமுக்குப் போறேன். பின்னாடி வண்டி நிக்குது, முன்னால எடுங்கன்னு சொல்றதுக்குப் பங்க்காரரு இவரு தோள்ல ஒரு தட்டுத் தட்டியிருக்காரு. வலது தோளு. அவ்வளவுதான், இவரு கியரைப் போட்டுப் போயிட்டாரு.

நான் வெளிய வந்து பாக்கறேன், வண்டியக் காணம். தலையில ஹெல்மெட்டு, கையில ஒண்ணுமில்ல, போனு வண்டிப் பையில. எனக்குக் கன்னடம் வராது. அந்தப் பங்க்காரருக்குத் தமிழ் வராது. ஆனா நடந்தது அவருக்குப் புரிஞ்சு போச்சு, அவரு கைய அவரே பாத்துக்கிட்டு நிக்கறாரு. அப்பறம் ஒரு சேர் போட்டு, ஒரு காப்பி குடுத்து உக்கார வெச்சாரு. ஹெல்மெட்டோடயே ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தேன். அழுதது யாருக்கும் தெரிய வேண்டாம்னுதான்.

இருபத்தாறு கிலோமீட்டர் போயிருக்காருங்க. பின்னால பை இருக்குது, ரெயின்கோட்டு போட்டிருக்குது, ஆளில்லைங்கறதே தெரியல. அப்பறம் ஒரு பெரிய ஸ்பீடு பிரேக்கரு. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டிருக்குது. முதுகுல அடி விழல. என்னடா அடி விழலையேன்னு அப்பத்தான் திரும்பிப் பாத்திருக்காரு. திரும்பி வந்தப்ப அவரு மூஞ்சியப் பாக்கோணுமே. நான் திட்டலாம்னு வாயத் தொறக்கறேன், அவரு, இத்தனை நேரமும் நீ கோவத்துல கம்முனு வர்றேன்னு நெனச்சுப் பேசிக்கிட்டே போனேங்கறாரு. அவரு பேசுனாராம் தம்பி. இருபத்தாறு கிலோமீட்டரும். என்ன பேசுனீங்கன்னு கேட்டேன். எல்லாம் சொல்லியாச்சு, மறுக்காவெல்லாம் சொல்ல முடியாதுன்னுட்டாரு. என்ன சொன்னாருன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. வெறும் சீட்டுக்குச் சொன்னதை எனக்குச் சொன்னா என்னங்க. அந்த ஆத்தாமை எனக்கு இன்னும் இருக்குது.

அகும்பேல ஒருக்கா மழை புடிச்சுது பாருங்க, அது மழையில்ல, மேல இருந்து யாரோ கொடங்கொடமா ஊத்துன மாதிரி. ரெயின்கோட்டுக்குள்ள தண்ணி, பூட்ஸுக்குள்ள தண்ணி. முன்னால பத்தடி தெரியல. இவரு வேகத்தைக் கொறைச்சு, தலைய லேசாத் திருப்பி, நின்னுக்கலாமான்னு கேக்கற மாதிரி பாக்கறாரு. எந்தப் புத்தியுள்ளவளும் ரெண்டு தட்டுத் தட்டியிருப்பா. நான் உள்ளங்கைய விரிச்சு முதுகுல வெச்சேன். ஏன்னு கேக்காதீங்க. அந்த நேரத்துல ஊரு, வீடு, அடுப்பு, ஒண்ணுமே நெனப்புல இல்ல. அந்த முதுகு ஒண்ணுதான் சூடா இருந்துச்சு. நெம்ப நல்லா இருந்துச்சு தம்பி. நின்னா அது முடிஞ்சு போயிருமில்ல.

அதில்ல, நின்னா இன்னும் கூதலடிக்கும். அதுக்குத்தான் போகச் சொன்னேன்.

இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுங்களா? குடிங்க.

இப்ப எதுக்கு விக்கறாருன்னா, முட்டி வலிங்க. போன ஆடியில சும்மா ஒரு நாளு தாளவாடி வரைக்கும் போயிட்டு வரலாம்னு கெளம்புனோம். அதுக்கு முந்தி மூணு வாரம் நான் இடுப்பு புடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன், பாத்ரூம்ல வழுக்கி உட்டுருச்சு. அது சரியாப் போச்சு. அன்னிக்குக் காலையில பாத்தா இவரு நொண்டறாரு. என்னன்னு கேட்டா, மோட்டாரு ஒண்ணு முட்டியில இடிச்சுது, ஒண்ணுமில்லன்னாரு. ஒண்ணுமில்லைன்னு சொன்னா இருக்குதுன்னுதானே அர்த்தம். பாவம், வலியோட ஓட்டற மனுசனை நாம வேற எதுக்கு அடிக்கோணும்னு அன்னிக்கு நான் கம்முனு வந்தேன். எத்தனை ஸ்பீடு பிரேக்கரு, சத்தியில மட்டும் ஒம்போது, ஒண்ணுக்கும் கை ஓங்கல. சீட்டுக் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வந்தேன். ரெண்டு மூணு வாட்டி அவரு திரும்பித் திரும்பிப் பாத்தாரு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு, சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப, எனக்கு முட்டி ஒத்துக்கல, வண்டியக் குடுத்துடலாம்னாரு. சரிங்கன்னு ரசத்தை ஊத்துனேன். அவருக்கு அலுத்துப் போச்சு, நாம என்ன சொல்றது. அதுக்குள்ள மேகலாவும் ஆரம்பிச்சுட்டா. மாப்பிள்ளை புதுக் காரு எடுத்துட்டாரு, பழசு உங்களுக்குத்தான், வயசான காலத்துல ரெண்டு பேரும் ஏசியப் போட்டுக்கிட்டுச் சொகமாப் போங்கன்னு. போன வாரம் அதுல உக்காந்து பவானி வரைக்கும் போயிட்டு வந்தோம். நல்லாத்தான் இருந்துச்சு. அவரு அந்தச் சீட்டுல, நான் இந்தச் சீட்டுல. நடுவுல கியரு, தண்ணிப் பாட்டிலு. அவரைத் தட்டோணும்னா எட்டித் தட்டோணும். கார்ல காத்துச் சத்தமில்ல, என்ன வேணும்னாலும் பேசலாம். பவானி வரைக்கும் நாங்க ஒண்ணும் பேசல.

எனக்குச் சந்தோசந்தானுங்க. இடுப்புக்கு நல்லது. வண்டி போகட்டும்.

என்னங்க? போன்ல என்ன சொன்னாரு?

இருங்க தம்பி. மறுக்காச் சொல்லுங்க.

முட்டி வலின்னு சொல்லலையா. உங்ககிட்ட என்ன சொன்னாரு, அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க. ம். ம். “வீட்டுல அவளுக்கு இடுப்பு முடியல. பன்னண்டு வருசமா எனக்காகத்தான் வந்துக்கிட்டு இருந்தா. போன வாட்டி ஒரு அடிகூட அடிக்கல, அடிக்கக்கூடத் தெம்பில்ல பாவம். இதுக்கு மேல அவளைக் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரல.” இப்படியேவா சொன்னாரு? இத்தனை வார்த்தையும் அவரேவா பேசுனாரு?

நீங்க அதைச் சிரிச்சுக்கிட்டே கேட்டிருப்பீங்க, அடியாவது, தெம்பாவதுன்னு. உங்களுக்கு என்ன தெரியும்.

நான் அவருக்கு முட்டி வலின்னு கையக் கட்டிக்கிட்டு வந்தா, அவரு எனக்குத் தெம்பில்லைன்னு நெனச்சுக்கிட்டாரா. நானும் பன்னண்டு வருசமா இடுப்பு போச்சு, இடுப்பு போச்சுன்னு சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன். அது ஒரு பேச்சுங்க. சோத்துல உப்பில்லைன்னு சொல்ற மாதிரி. சொல்றதெல்லாம் அப்படியே எடுத்துக்குவாங்களா? ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டா என்ன? மண்டபத்துக்கும் கேக்கல, இதுக்கும் கேக்கல.

நானும் கேக்கலைங்கறீங்களா. நீங்க மோரக் குடிங்க.

முட்டி வலிக்காரரு சைக்கிள்ல போயிருக்காரு பாருங்க. நானே அனுப்பி வெச்சுட்டு நிக்கறேன். பஸ் ஸ்டாண்டு போறதுக்கு அந்தப் பாலத்து மேட்ட ஏறோணும், தலைய ஆட்டிக்கிட்டு மிதிச்சுக்கிட்டுப் போறாரு, எனக்கு அது மண்டையில ஏறவே இல்ல. அன்னிக்கு இடிச்சது அப்பவே சரியாப் போயிருக்குது, இப்ப முட்டியும் இல்ல, வலியும் இல்ல. எனக்காக இல்லாத வலியச் சொல்லி வண்டிய விக்கறாரு அந்த மனுசன்.

நான் ஒண்ணு சொல்லட்டுங்களா தம்பி, யாருகிட்டயும் சொல்லாதது. நேத்து இந்த வண்டியக் கழுவறப்ப அந்தப் பின் சீட்டத் தொடைக்கற பாகம் எனக்குத்தான் வந்துச்சு. தொடைச்சேன், தொடைச்சேன், கைய எடுக்க முடியல. எனக்கு இதை விக்க மனசில்ல. கொஞ்சங்கூட இல்ல.

இருங்க, வர்றேன்.

இதானுங்க சாவி. கடுகு டப்பாவுக்குள்ள இருந்துச்சு. அதுக்குள்ள அது எப்படிப் போச்சுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க. தாளிக்கறப்ப எத்தனையோ ஞாபகம்.

நீங்க அத்தனை தூரத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கறீங்க, எனக்குச் சங்கட்டமாத்தான் இருக்குது. அடுப்புல சாம்பாரு இருக்குது, கத்திரிக்கா பொரியல் இருக்குது, கூச்சப்படாம போட்டுச் சாப்புட்டுட்டுத்தான் போகோணும். வண்டிக்கு நான் வழி சொல்றேன். சத்தியில மெக்கானிக் தேவராசுன்னு கேளுங்க, இதே மாதிரி ஒண்ணு நிக்குது, நம்மளத விட எட்டு வருசம் புதுசு, நடுங்காத கண்ணாடி. ஆனா அதுக்கு மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு போனைப் போட்டு, பின்னாடி உக்காந்து வர இஷ்டமான்னு வாயத் தொறந்து கேட்டுருங்க. அவ முடியாது, இடுப்பு வலிக்கும்னு சொன்னா, நெசமாச் சொல்றாளா, சும்மா சொல்றாளான்னு அதையும் கேட்டுருங்க.

அதா, வந்துட்டாரு. பாருங்க, எத்தனை வேகமா மிதிச்சுக்கிட்டு வர்றாருன்னு. நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம், கம்முனு இருங்க. நான் பாத்துக்கறேன்.

ஏனுங்க, அந்த ஜெராக்ஸ மேசை மேல வெய்ங்க. சாவி கெடைச்சுருச்சு. ஆமா, கடுகு டப்பாவுல. அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். இந்தத் தம்பி வண்டி ஓடற சத்தத்தைக் கேக்கோணுங்கறாரு. ரெண்டு ஆளு உக்காந்து போறப்பத்தான அதோட சத்தம் தெரியும். ஹெல்மெட்டப் போடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல, இடுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கெளப்புங்க, ரெண்டு நிமிசம் ஓட உடுங்க. மழை வந்தா வரட்டும், நம்ம என்னைக்கு மழைக்குப் பயந்தோம்.

தம்பி, இங்க வாங்க, அவருக்குக் கேக்காம சொல்றேன். ஒரு ரவுண்டுன்னுதான் சொல்லியிருக்கறேன். அதோ, தெருமுக்குல ஸ்பீடு பிரேக்கரு தெரியுதுங்களா? அதுல எப்படியும் தூக்கிப் போடுவாரு. போட்ட ஒடனே முதுகுல ஓங்கி ஒண்ணு வெப்பேன், இங்க வரைக்கும் சத்தம் கேக்கும் பாருங்க. அப்பறம் கைய எடுக்க மாட்டேன், அப்படியே விரிச்சு வெச்சுக்குவேன். அதுக்கு என்ன அர்த்தம்னுதான் சொன்னனே. அந்த இருபத்தாறு கிலோமீட்டர் பேச்சையும் இன்னிக்கு வாங்காம உட மாட்டேன், திம்பம் ஏறி எறங்கறதுக்குள்ள. நீங்க எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாப்புட்டுட்டு, போறப்ப கதவை நல்லாச் சாத்தி வெச்சுட்டுப் போங்க, பூனை வந்து பாலைக் குடிச்சுரும்.